ஒரு எண்ணைத் திருத்தினால் செப்புக் காசு லட்ச ரூபாய் ஆகுமா?

பழைய காசில் நடக்கும் மோசடி - கண்டுபிடிப்பது எப்படி?

“உங்கள் வீட்டில் பழைய செப்புக் காசு இருக்கிறதா? உடனே போன் செய்யுங்கள். பத்து லட்சம் ரூபாய் தருகிறோம்!”

இப்படி ஒரு விளம்பரம் செல்போனில் வருகிறது. பார்த்தவருக்கு இருப்புக் கொள்ளவில்லை. பாட்டியின் சுருக்குப் பையைக் கொட்டுகிறார். பூஜை அறை உண்டியலைக் கவிழ்க்கிறார். கறுத்துப்போன நாலு காசு கிடைக்கிறது. உடனே போன் செய்கிறார்.

மறுமுனையில் இருக்கும் ஆசாமி தேனாகப் பேசுகிறான். “சார், உங்கள் காசு அபூர்வமானது. பணம் தயார். பதிவுக் கட்டணம் மட்டும் முதலில் அனுப்புங்கள்” என்கிறான். அனுப்பினால், “வரி கட்ட வேண்டுமே” என்கிறான். அதையும் அனுப்பினால், “கமிஷன் பாக்கி” என்கிறான். பிறகு போன் அடங்கிவிடுகிறது. பத்து லட்சம் வரவில்லை. பெண்ணின் கல்யாணத்துக்கு வைத்திருந்த பணம் போய்விட்டது!

இந்த மோசடி பெருகியதால், 2021ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் ரிசர்வ் வங்கியே பொதுமக்களை எச்சரித்தது. “எங்கள் பெயரையும் சின்னத்தையும் சிலர் திருட்டுத்தனமாகப் பயன்படுத்துகிறார்கள். பழைய நோட்டு, பழைய காசு வாங்கி விற்கும் தொழில் எங்களுக்குக் கிடையாது. அதற்காகக் கட்டணமோ கமிஷனோ நாங்கள் கேட்பதும் இல்லை. எங்கள் சார்பில் கேட்க யாருக்கும் அதிகாரம் கொடுக்கவும் இல்லை” என்பதுதான் அந்த அறிக்கையின் சாரம்.

இது ஒரு வகை மோசடி. உங்கள் காசை வாங்குவதாகச் சொல்லி ஏமாற்றுவது.

இன்னொரு வகையும் உண்டு. அது உங்களுக்குக் காசை விற்று ஏமாற்றுவது. அங்கே ஆயுதம் செல்போன் அல்ல. ஒரு சின்ன அரம்! காசில் இருக்கும் ஆண்டில் ஓர் எண்ணை மட்டும் ராவித் திருத்துகிறார்கள். சாதாரணக் காசு அபூர்வக் காசாக வேஷம் போடுகிறது.

இரண்டு மோசடிக்கும் அடித்தளம் ஒன்றுதான். காசின் விலை எங்கிருந்து வருகிறது என்பது நமக்குத் தெரியாததுதான் அது. முதலில் அதைத் தெரிந்துகொள்வோம்.

பழசு எல்லாம் விலை பெறுமா?

“பழைய காசு என்றால் நல்ல விலை போகும்” என்று பலர் நினைக்கிறார்கள். இது தவறு.

நம் சென்னை மாகாணத்துக்காகக் கிழக்கிந்தியக் கம்பெனி 1808ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் செப்புக் காசு அடித்தது. பர்மிங்காம் நகரில் அடித்த 10 காசு, 20 காசு நாணயங்கள் அவை. அவற்றை ஏற்றிக்கொண்டு ‘அட்மிரல் கார்டனர்’ என்ற கப்பல் சென்னைக்குப் புறப்பட்டது. 1809 ஜனவரியில் புயலில் சிக்கி, இங்கிலாந்துக் கரையை ஒட்டிய மணல் திட்டில் மோதி மூழ்கியது. காசுகள் எல்லாம் கடலுக்கு அடியில் போய்விட்டன.

1980ஆம் ஆண்டுகளில் அந்தக் காசுகளை வெளியே எடுத்தார்கள். நூறு, இருநூறு அல்ல, லட்சக்கணக்கில் கிடைத்தன! 200 ஆண்டுக்கு மேற்பட்ட காசுதான். ஆனாலும் அதிக விலை போகவில்லை. வேண்டியவர்களுக்கெல்லாம் கிடைக்கிறதே, யார் அள்ளிக் கொடுப்பார்கள்?

ஆக, விலையைத் தீர்மானிப்பது வயது மட்டும் அல்ல. அந்த ஆண்டுக் காசு உலகத்தில் எத்தனை மிஞ்சியிருக்கிறது, அதைத் தேடுகிறவர்கள் எத்தனை பேர், காசு எவ்வளவு தெளிவாக இருக்கிறது என்ற மூன்றும் சேர்ந்துதான் விலை.

பக்கத்துப் பக்கத்து ஆண்டுகளில் அடித்த இரண்டு காசுகள், பார்வைக்கு ஒரே மாதிரி இருக்கும். ஒன்று கோடிக்கணக்கில் இருக்கும். மற்றொன்று சிலவே இருக்கும். இரண்டுக்கும் வித்தியாசம் ஒரே ஓர் எண். மோசடிக்காரன் கை வைப்பது அந்த எண்ணில்தான்.

இந்த வித்தையில் உலகப் பிரசித்தி பெற்ற கதை ஒன்று அமெரிக்காவில் நடந்தது. அதைக் கேட்டால் மற்றவை தாமாகவே புரியும்.

செம்பு யுத்தத்துக்குப் போயிற்று

இரண்டாம் உலக யுத்தம் நடந்துகொண்டிருந்த நேரம். துப்பாக்கித் தோட்டாவுக்கும் பீரங்கிக் குண்டுக்கும் செம்பு தேவைப்பட்டது. காசு அடிக்கச் செம்பு இல்லை.

நம் நாட்டில் என்ன செய்தார்கள்? 1943இல் காலணாவின் எடையைக் குறைத்து, நடுவில் ஓட்டை போட்டார்கள். அதுதான் நம் தாத்தா, பாட்டி சொல்லும் ‘ஓட்டைக் காலணா’.

அமெரிக்காவில் என்ன செய்தார்கள்? அதே 1943இல் ஒரு சென்ட் காசைச் செம்பில் அடிப்பதையே நிறுத்தினார்கள். இரும்பு உருக்கில் அடித்து, மேலே துத்தநாகப் பூச்சுக் கொடுத்தார்கள். அந்த ஆண்டு 100 கோடிக்கும் அதிகமான வெள்ளை நிறச் சென்ட் காசுகள் வெளிவந்தன. மறு ஆண்டு, 1944இல், மீண்டும் செம்புக் காசு வந்துவிட்டது.

ஆனால் 1943இல் ஒரு தவறு நடந்தது. முந்திய ஆண்டின் செப்பு வில்லைகள் சில அச்சு யந்திரத்துக்குள் போய்விட்டன. அவற்றிலும் ‘1943’ என்ற ஆண்டு விழுந்துவிட்டது. கோடிக்கணக்கான இரும்புக் காசுகளுக்கு நடுவே, மிகச் சில செப்புக் காசுகள்!

1947ஆம் ஆண்டில் ஒரு பள்ளி மாணவன், வயது 16, பள்ளிச் சாப்பாட்டுக் கூடத்தில் கொடுத்த மீதிச் சில்லறையில் அப்படி ஒரு காசைக் கண்டான். பத்திரமாக வைத்துக்கொண்டான். சுமார் 70 ஆண்டு அது அவரிடமே இருந்தது. 2019இல் அந்த ஒரு சென்ட் காசு ஏலத்தில் 2 லட்சத்து 4 ஆயிரம் டாலருக்குப் போயிற்று! டென்வர் நகரத்து அச்சுச் சாலையில் அடித்த இன்னொரு 1943 செப்புக் காசு, 2010இல் 17 லட்சம் டாலருக்கு விற்றது.

இந்தக் காசைக் கொண்டுவருகிறவர்களுக்கு ஃபோர்டு கம்பெனி புதிய கார் கொடுக்கும் என்று ஒரு வதந்தியும் அந்தக் காலத்தில் கிளம்பியது. அது வெறும் புரளி. கம்பெனி யாருக்கும் கார் தருவதாகச் சொல்லவில்லை. ஆனால் ஆசை பிறந்துவிட்டது. ஆசை இருக்கும் இடத்துக்கு மோசடி தேடி வரும் அல்லவா?

காந்தம் சொன்ன சாட்சி

முதல் மோசடி மிகவும் எளிது. 1943 இரும்புக் காசை எடுத்தார்கள். அதற்குச் செப்பு முலாம் பூசினார்கள். “இதோ செப்புக் காசு!” என்று விற்றார்கள்.

இதைக் கண்டுபிடிக்கப் பள்ளிக்கூடப் பிள்ளை போதும். ஒரு காந்தத்தைப் பக்கத்தில் கொண்டுபோனால் காசு ஓடி வந்து ஒட்டிக்கொள்ளும். செம்பைக் காந்தம் இழுக்காது. இரும்பைத்தான் இழுக்கும். வேஷம் கலைந்தது!

இரண்டாவது மோசடி கொஞ்சம் கெட்டிக்காரத்தனமானது. 1948ஆம் ஆண்டுக் காசு நிஜமான செப்புக் காசு. அதில் உள்ள ‘8’ என்ற எண்ணின் இடது பாதியை அரத்தால் ராவி எடுத்தால் என்ன ஆகும்? ‘3’ ஆகிவிடும்! 1948 என்பது 1943 ஆகிவிட்டது.

இங்கே காந்தம் பயன்படாது, காசு செம்பு. தராசும் பயன்படாது. இரும்புக் காசின் எடை சுமார் 2.7 கிராம். செப்புக் காசின் எடை 3.1 கிராம். திருத்திய காசும் 3.1 கிராம் காட்டும்.

அப்படியானால் எதைக் கொண்டு கண்டுபிடிப்பது? ‘3’ என்ற எண்ணின் வாலைக் கொண்டு! 1943ஆம் ஆண்டுக் காசில் ‘3’இன் வால் நீளமாக இருக்கும். பக்கத்து எண்களுக்குக் கீழே இறங்கி நிற்கும். ‘8’ஐ வெட்டிச் செய்த ‘3’க்கு அந்த வால் கிடையாது. ராவி எடுக்கலாம்; இல்லாத வாலை வளர்க்க முடியுமா?

திருடன் மறந்த மூன்று எழுத்து

இன்னொரு உதாரணம். டென்வர் அச்சுச் சாலையில் 1914இல் அடித்த சென்ட் சுமார் 12 லட்சம்தான். 1944இல் அடித்தது 43 கோடிக்கும் மேல். முன்னது அபூர்வம், பின்னது சாதாரணம்.

மோசடிக்காரர்கள் 1944இல் உள்ள முதல் ‘4’ஐச் சீவி ‘1’ ஆக்கினார்கள். 1914 தயார்!

ஆனால் இரண்டு சங்கதிகளை மறந்துவிட்டார்கள். அகலமான ‘4’ஐச் சீவி ஒல்லியான ‘1’ ஆக்கியதால், ‘9’க்கும் ‘1’க்கும் நடுவே பெரிய இடைவெளி விழுந்தது. இது ஒன்று.

மற்றொன்று இன்னும் வேடிக்கை. அந்தக் காசில் ஆபிரகாம் லிங்கனின் உருவம் இருக்கிறது. அதைச் செதுக்கிய சிற்பி விக்டர் டேவிட் பிரென்னர். அவர் பெயரின் முதல் எழுத்துகளான வி.டி.பி. என்ற மூன்றும் 1909இல் காசில் இருந்தன. எதிர்ப்பு வந்ததால் அதே ஆண்டில் எடுத்துவிட்டார்கள். 1918இல்தான் மறுபடி லிங்கனின் தோளுக்குக் கீழே பொடி எழுத்தில் போட்டார்கள்.

ஆகவே, நிஜமான 1914 காசில் அந்த எழுத்துகள் இருக்கவே முடியாது. 1944 காசில் இருக்கும். ‘1914’ என்று சொல்லும் காசில் அந்த எழுத்துகள் தெரிந்தால், தீர்ப்புச் சொல்ல நீதிபதி வேண்டாம்!

இதில் நமக்கு ஒரு பாடம் இருக்கிறது. ஆண்டை மட்டும் பார்க்காதே. காசு முழுவதையும் பார். ஆண்டு பொய் சொல்லலாம். காசின் மற்ற பாகங்கள் அந்தப் பொய்க்கு ஒத்து ஊதாது.

அச்சுச் சாலையே திருத்தினால்?

இங்கே ஒரு சந்தேகம் வரும். “எண்மேல் எண் தெரிகிற காசு எல்லாம் மோசடிதானா?”

இல்லை. அந்தக் காலத்தில் அச்சு செய்வது பெரிய வேலை. எஃகு அச்சில் ஒவ்வோர் எண்ணையும் கையால் அடித்துப் பதிக்க வேண்டும். முந்திய ஆண்டின் அச்சு மிச்சம் இருந்தால், வீணாக்காமல் அதன்மேலேயே புதிய எண்ணை அடித்துவிடுவார்கள். அமெரிக்காவின் 1799ஆம் ஆண்டுப் பெரிய செப்புச் சென்ட் ஒன்றில் இப்படி ‘8’இன் மேல் ‘9’ பதிந்திருக்கும். இது அச்சுச் சாலையே செய்த திருத்தம். மோசடி அல்ல.

அதே 1799 காசு மிகவும் அபூர்வமானது. ஆகவே 1798 காசின் ‘8’ஐ ‘9’ ஆகத் திருத்தி விற்றவர்களும் உண்டு. நிஜத்தையும் பொய்யையும் பிரிப்பது எப்படி?

அச்சுச் சாலையின் திருத்தம் அச்சில் நடந்தது. ஆகவே அந்த அச்சில் அடித்த எல்லாக் காசிலும் அந்த அடையாளம் ஒரே மாதிரி இருக்கும். மோசடிக்காரனின் திருத்தம் ஒரு காசில் மட்டும் நடந்தது. அங்கே கருவி பட்ட கீறல் இருக்கும். மேலும், 1799 சென்ட்டில் இரண்டே இரண்டு அச்சு வகைகள்தான் இருப்பதாக ஆராய்ந்து எழுதி வைத்திருக்கிறார்கள். எண்கள் எங்கே நிற்கின்றன, முடியின் முனை எங்கே வருகிறது, இலை எந்த எழுத்துக்கு நேராக இருக்கிறது என்பதெல்லாம் தெரியும். கையில் உள்ள காசு இரண்டோடும் பொருந்தவில்லை என்றால், அது 1799 அல்ல.

நீங்களே பார்க்க ஆறு சோதனை

இந்தச் சோதனைகளுக்கு வேண்டியவை நாலே பொருள்: ஒரு பூதக்கண்ணாடி, ஒரு காந்தம், நகைக் கடைத் தராசு, நல்ல வெளிச்சம்.

1. காந்தத்தைக் காட்டுங்கள். செப்புக் காசு என்று சொன்னது ஒட்டிக்கொண்டால், உள்ளே இரும்பு.

2. எடை போடுங்கள். அந்த வகைக் காசுக்கு என்ன எடை என்று நாணயப் புத்தகங்களில் இருக்கும். தேய்ந்த காசு கொஞ்சம் குறையலாம். அதிக வித்தியாசம் இருந்தால் சந்தேகப்படுங்கள்.

3. காசைச் சாய்த்துப் பிடித்து, பக்கவாட்டில் வெளிச்சம் விழும்படி பாருங்கள். எண்ணைச் சுற்றிப் பள்ளமோ, கோடு கோடாகக் கீறலோ தெரிகிறதா? எண்ணைச் சுற்றி மட்டும் வழவழப்பாக இருக்கிறதா? அங்கே கருவி பட்டிருக்கிறது.

4. தேய்மானத்தைப் பாருங்கள். காசு முழுவதும் தேய்ந்திருக்க, ஓர் எண் மட்டும் கூர்மையாக நிற்கிறதா? நூறு வருடம் கைமாறிய காசில் ஓர் எண்ணை மட்டும் யாரும் தொடாமல் இருந்தார்களா?

5. நிறத்தைப் பாருங்கள். செம்பு வருடக்கணக்கில் மெல்லக் கறுக்கும். எண்ணுக்குப் பக்கத்தில் மட்டும் சிவப்பாகவோ, மை பூசியது போலக் கறுப்பாகவோ இருந்தால், திருத்தியபின் மருந்து போட்டு மறைத்திருக்கலாம். எண்ணின் அடியில் மெல்லிய கோடு ஓடினால், வேறு காசின் எண்ணை வெட்டி ஒட்டியிருக்கலாம்.

6. ஒப்பிட்டுப் பாருங்கள். அதே ஆண்டின் நிஜக் காசின் படத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, எண்ணின் வடிவம், உயரம், இடைவெளி எல்லாவற்றையும் பாருங்கள். இந்த ஆறில் இதுதான் பெரிய சோதனை.

ஒரு சோதனையில் தேறிவிட்டால் காசு நிஜம் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். காந்தத்தில் தேறிய 1948 காசு, வாலில் மாட்டிக்கொண்டதைப் பார்த்தோம் அல்லவா?

ராமர் காசின் ரகசியம்

ஆண்டைத் திருத்துவது ஒரு வித்தை. இல்லாத காசுக்கு ஓர் ஆண்டைப் போட்டு அடிப்பது இன்னொரு வித்தை. இது நம் ஊரிலேயே நடக்கிறது.

ஒரு பக்கம் ராமர், சீதை, லட்சுமணர், அனுமார். மறுபக்கம் கிழக்கிந்தியக் கம்பெனியின் பெயர், ‘அரையணா’, ‘1818’. இப்படி ஒரு காசை நீங்களும் பார்த்திருப்பீர்கள். “இதற்குத் தெய்வ சக்தி உண்டு. அரிசியை இழுக்கும். கோடி ரூபாய் பெறும்” என்றெல்லாம் கதை கட்டுகிறார்கள்.

இப்படி ஓர் அரையணாவைக் கம்பெனி அடிக்கவே இல்லை. கம்பெனி ஆட்சி முழுவதற்கும் ஒரே மாதிரி நாணயம் என்ற சட்டம் வந்ததே 1835இல்தான். இவை பிற்காலத்தில் யாரோ அடித்த வில்லைகள். ராமர் படம் என்று பூஜையில் வைத்துக் கும்பிடுங்கள், தப்பில்லை. அபூர்வ நாணயம் என்று பணம் கொடுத்து வாங்காதீர்கள்.

என்ன செய்ய வேண்டும்?

வீட்டில் பழைய காசு கிடைத்தால், புளி போட்டுத் தேய்க்காதீர்கள்! பளபளப்பு வரும், மதிப்புப் போய்விடும். அது மட்டும் அல்ல. காசின்மேல் படிந்த பழைய கறுப்புத்தான் அதன் யோக்கியதைக்கு நற்சாட்சி. அதை அழித்துவிட்டால், நிஜக் காசையே பிறர் சந்தேகிப்பார்கள்.

காசை உள்ளங்கையில் தேய்க்காமல், விளிம்பைப் பிடித்து எடுங்கள். தனித்தனியாகக் காகிதத்தில் மடித்து, ஈரம் படாத இடத்தில் வையுங்கள். நிஜக் காசுகள் எப்படி இருக்கும் என்று பார்க்க ஆசையா? சென்னை எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தில் நாணயங்களைக் காட்சிக்கு வைத்திருக்கிறார்கள். பிள்ளைகளையும் அழைத்துப் போங்கள்.

விற்க விரும்பினால், ஒருவரிடம் மட்டும் கேட்காமல் இரண்டு மூன்று பேரிடம் விலை கேளுங்கள். வாங்குகிறவன்தான் பணம் கொடுக்க வேண்டும். விற்கிற உங்களிடம் அவன் முன்பணம் கேட்டால், அவன் வியாபாரி அல்ல. ஒரு ரூபாய் கூட அனுப்பாதீர்கள். போனில் வரும் ரகசிய எண்ணையும் சொல்லாதீர்கள்.

ஒருவேளை ஏமாந்துவிட்டால், வெட்கப்பட்டு மறைக்க வேண்டாம். 1930 என்ற எண்ணுக்கு உடனே போன் செய்து புகார் கொடுங்கள். இணைய மோசடிகளுக்காக அரசாங்கம் வைத்திருக்கும் எண் அது. எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்களோ, அவ்வளவுக்குப் பணத்தைத் தடுத்து நிறுத்த வழி உண்டு.

பாட்டியின் சுருக்குப் பையில் இருக்கும் ஓட்டைக் காலணா லட்ச ரூபாய் பெறாது. அதனால் என்ன? செம்பு எல்லாம் யுத்தத்துக்குப் போன ஒரு காலத்தை அது பிள்ளைகளுக்குச் சொல்லும். அந்தக் காலணாவைக் கொடுத்து அவர் கடையில் என்ன வாங்கினார் என்று கேட்டுப் பாருங்கள். அந்தக் கதையை எந்த அரத்தாலும் திருத்த முடியாது!